கட்டடமும் காப்பும்

நுழையும்முன்

கட்டடம் எழுந்து முடிந்ததும் அதைச் சுற்றி நின்ற சாரம் அவிழ்க்கப்படுகிறது. சுவரும் தளமும் காண்போர் கண்ணில் நிலைக்கின்றன. அவற்றை எழுப்புவதற்காக உயரத்தில் நின்றவர்கள் அடுத்த ஊருக்குச் சென்றுவிடுகின்றனர். மனிதன் கட்டிய வரலாறு கல், சுண்ணாம்பு, இரும்பு, சிமெண்ட் ஆகியவற்றின் வரலாறு மட்டுமன்று. அப்பொருள்களைச் சுமந்தும் அடுக்கியும் பூசியும் வாழ்ந்த மனிதர்களின் வரலாறும் அதனுள் அடங்கும். கட்டடக்கலை வளர்ந்த வழியையும், அதனோடு சேர்ந்து வளர்ந்த இடர்களையும், அவற்றைத் தடுக்கும் நெறிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

தொன்மைக் கட்டுமானம்

தமிழகத்தில் செங்கல்லால் கட்டும் வழக்கம் மிகத் தொன்மையானது. கீழடி அகழாய்வில் செங்கற் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த பொருள்களின் காலக்கணிப்பு பொ.ஆ.மு. 6 ஆம் நூற்றாண்டுவரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மனை வகுக்கும் முறையும் முன்னோர்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நட்ட கோல்களின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகற்பொழுதைக் கண்டு திசை குறித்து, கலை வல்லார் கயிற்றால் அளந்து அரண்மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை தருகிறது. கூரை வேயாமல் சாந்தினால் தளமிட்ட மாடங்களும், மானின் கண்ணை ஒத்த சாளரங்களும் புகார் நகரத்தில் இருந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாடுகளைச் சேர்ந்த தொழில்வல்லோர் தமிழ்க் கலைஞரோடு கூடிப் பணியாற்றியதை மணிமேகலை பதிவுசெய்கிறது. வேலை தேடி நெடுந்தொலைவு செல்லும் கட்டுமானத் தொழிலாளர் இன்று புதிதாகத் தோன்றியவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

மண்டகப்பட்டுக் குடைவரையில் உள்ள முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி அக்கோயில் அமைக்கப்பட்டதாகப் பெருமையுடன் கூறுகிறது. அதற்கு முன்னர் கோயில்கள் எப்பொருள்களால் கட்டப்பட்டன என்பதையும் அக்கல்வெட்டு மறைமுகமாக உணர்த்திவிடுகிறது. குடைவரையில் தொடங்கிய கற்பணி, தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் உச்சத்தை எட்டியது. 1010 இல் நிறைவுற்ற அக்கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. அதனைக் கட்டிய தலைமைச் சிற்பி குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரைக் கோயிற் கல்வெட்டே பொறித்து வைத்துள்ளது. கட்டட வல்லுநர் ஒருவருக்கு மன்னன் அளித்த அரிய சிறப்பு அது. ஆயினும் கற்களை உச்சிக்கு ஏற்றிய எண்ணற்றோரின் பெயர்கள் கிடைக்கவில்லை. தஞ்சைக்கு அருகிலுள்ள சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து சாய்வுச் சாரம் அமைத்துக் கற்கள் ஏற்றப்பட்டன என்பது மக்களிடையே வழங்கும் செவிவழிச் செய்தி. சாரத்தின் நினைவை ஊர்ப்பெயர் ஒன்று தாங்கி நிற்பதாக மக்கள் நம்புகின்றனர். அதில் ஏறியவர்களின் நினைவைத் தாங்கி நிற்க எதுவும் இல்லை.

பிற நாடுகளிலும் நிலைமை இவ்வாறே இருந்தது. ஏறத்தாழ 3700 ஆண்டுகளுக்கு முன்னர் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தொகுப்பு, கட்டட உறுதியைப் பற்றிக் கடுமையான விதிகளை வகுத்தது. ஒருவர் கட்டிக்கொடுத்த வீடு இடிந்து அதன் உரிமையாளர் இறந்தால், கட்டியவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கட்டுவோரின் பொறுப்பை வலியுறுத்திய மிகப் பழைய சட்டங்களுள் இதுவும் ஒன்று. ஆனால், கட்டிக்கொண்டிருக்கும்போதே சுவர் சரிந்து வேலையாள் இறந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி அவ்விதிகளில் ஒரு சொல்லும் இல்லை.

சுண்ணாம்பும் பொறுமையும்

சிமெண்ட் வருவதற்கு முன்னர்க் கட்டடங்களைப் பிணைத்து நிறுத்தியது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, நீரூற்றித் தாளித்து, மணல் சேர்த்துச் செக்கில் அரைத்துச் சாந்து உருவாக்கப்பட்டது. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் அதனுடன் சேர்க்கப்பட்டன. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சில் முட்டையின் வெண்கருவும் இடம்பெற்றது. இவ்வாறு பூசப்பட்ட சுவர்கள் நூறாண்டுகள் கடந்தும் கண்ணாடிபோல் மின்னுகின்றன.

சுண்ணாம்புச் சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது. இவ்வினை நிகழ வாரங்களும் மாதங்களும் தேவை. ஆதலால் அக்காலக் கொத்தர்கள் ஒரே நாளில் சுவரை உயர்த்த இயலாது. ஓரளவு எழுப்பி, அது இறுகும்வரை காத்திருந்து, பிறகே மேலே சென்றனர். பொருளின் இயல்பே வேலையின் வேகத்தை வரையறுத்தது. அக்காலத்திலும் விபத்துகள் நேர்ந்திருக்கும். ஆயினும், கட்டடம் எழும் வேகத்திற்கு இயற்கையே ஒரு கடிவாளம் இட்டிருந்தது.

சிமெண்டின் வருகை

1824 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தர், தாம் உருவாக்கிய சிமெண்டிற்குக் காப்புரிமை பெற்றார். இறுகியபின் அது போர்ட்லண்ட் தீவின் கட்டடக்கல்லைப் போலத் தோன்றியதால் ‘போர்ட்லண்ட் சிமெண்ட்’ என்று பெயரிட்டார். 1867 இல் பிரான்சின் ஜோசப் மோனியே என்னும் தோட்டக்கலைஞர், இரும்பு வலையைச் சிமெண்டினுள் பதித்துப் பூந்தொட்டிகள் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பூந்தொட்டியில் பயன்பட்ட அந்த உத்தி பின்னர்த் தூணுக்கும் உத்திரத்திற்கும் தளத்திற்கும் பரவியது. கான்கிரீட் நசுக்கும் விசையைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இரும்புக்கம்பி இழுவிசையைத் தாங்கும். இரண்டின் கூட்டே இன்றைய அடுக்குமாடிகளின் எலும்புக்கூடு.

இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904 இல் சென்னையில் நடைபெற்றது. கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்ட அம்முயற்சி நிலைபெறவில்லை. எனினும், அடுத்த அரை நூற்றாண்டிற்குள் சிமெண்ட் நாடெங்கும் பரவியது. 1959 இல் சென்னை மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா சாலையில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கட்டடம் 177 அடி உயரத்தில் எழுந்தபோது அதுவே இந்தியாவின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது.

சிமெண்ட் கட்டடத்தை விரைவாக எழவைத்தது. கலந்த சில மணி நேரத்திலேயே அது இறுகத் தொடங்குகிறது. மறுநாள் அதன்மேல் ஒருவர் நடக்கவும் முடிகிறது. இத்தோற்றமே ஒரு மயக்கத்தைத் தருகிறது. கான்கிரீட்டின் வலிமை 28 ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஏழாம் நாளில் அதன் வலிமை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. அது வரையில் அதனை ஈரமாக வைத்திருக்கவும், கீழிருந்து தாங்கவும் வேண்டும். ‘க்யூரிங்’ எனத் தொழிலாளர் கூறும் நீராற்றுதலும், ‘சென்ட்ரிங்’ எனக் கூறும் பலகை அடைப்பும், அதனைத் தாங்கும் முட்டுகளும் இதற்காகவே அமைகின்றன. கண்ணுக்கு இறுகியதாகத் தோன்றுவதும் உண்மையில் வலிமை பெற்றிருப்பதும் வேறுவேறு. இந்த இடைவெளியில்தான் பல உயிர்கள் பறிபோயின.

தெரிந்து தெளிவோம்

கான்கிரீட் கட்டுமானத்திற்கான இந்தியத் தரவிதி 456, இயல்பான வெப்பநிலையில் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டைப் பயன்படுத்தும்போது முட்டுகளை எத்தனை நாள் கழித்து அகற்றலாம் என வரையறுக்கிறது.
4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகள்: 7 நாள்
4.5 மீட்டருக்கு மேற்பட்ட தளத்தின் முட்டுகள்: 14 நாள்
6 மீட்டர் வரை நீளமுள்ள உத்திரத்தின் முட்டுகள்: 14 நாள்
6 மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்தின் முட்டுகள்: 21 நாள்

இடர்களின் இயல்பு

கட்டுமானப் பணியின் இடர்களுள் முதன்மையானது உயரத்திலிருந்து வீழ்தல். மூன்று மாடி உயரம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர். அவ்வுயரத்திலிருந்து தவறி விழும் ஒருவர் ஒன்றரை நொடிக்குள் தரையை அடைகிறார். அப்போது அவரது வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விழத் தொடங்கியபின் எதையும் பற்றிக்கொள்ளவோ, ஒருவர் ஓடிவந்து தாங்கவோ நேரமில்லை. எனவே காப்பு அனைத்தும் விழுவதற்கு முன்னரே அமைந்திருக்க வேண்டும். சவுக்குக் கம்பங்களையும் மூங்கிலையும் கயிற்றால் பிணைத்துக் கட்டும் சாரம், பழகிய கைகளில் உறுதியானதே. கயிறு இற்றுப்போவதும், நிற்கும் பலகை கட்டப்படாமல் கிடப்பதும், ஓரத்தில் கைப்பிடித் தடுப்பு இல்லாமையும், மின்தூக்கிக்காக விடப்பட்ட பள்ளம் மூடப்படாமல் இருப்பதுமே வீழ்ச்சிக்குக் காரணங்களாகின்றன.

இரண்டாவது இடர் மண்சரிவு. அடித்தளத்திற்காக மண்ணை அகழ்வதை ‘வானம் தோண்டுதல்’ என்பர். ஒரு கனமீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்டது. ஒரு சிற்றுந்தின் எடையைவிட அது அதிகம். மார்பளவு மண்ணில் புதைந்தவரின் தலை வெளியே இருந்தாலும், நெஞ்சு விரிய இடமின்றி மூச்சு நின்றுவிடும். ஆழம் ஒன்றரை மீட்டரைக் கடக்கும்போது பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். அல்லது பலகையும் குறுக்குக் கட்டைகளும் கொண்டு தாங்கவேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பதும், மழைக்குப் பின் ஆய்வு செய்யாமல் குழிக்குள் இறங்குவதும் பெருந்தவறுகள்.

மூன்றாவது, முட்டுகள் சரிதல். தளத்தில் ஈரக் கான்கிரீட்டைக் கொட்டும் வேளையில் அதன் முழு எடையையும் முட்டுகளே சுமக்கின்றன. சேற்று நிலத்தில் அடிப்பலகை இன்றி நிறுத்திய முட்டு ஒன்று புதைந்தால், அதன் சுமை பக்கத்து முட்டுகளுக்கு மாறுகிறது. அவையும் தாங்காமல் வளைகின்றன. நொடிப்பொழுதில் தளம் முழுவதும் கீழே வருகிறது. நான்காவது, மின்சாரம். நீண்ட இரும்புக்கம்பியைத் தூக்கி நிமிர்த்தும்போது அது மேலே செல்லும் உயர் அழுத்த மின்கம்பியைத் தொட்டால், தாங்கிப் பிடித்தவர் உயிரிழக்கிறார்.

இவை ஒரு நொடியில் நிகழ்பவை. ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழும் தீங்குகளும் உண்டு. கல்லையும் கான்கிரீட்டையும் அறுக்கும்போது எழும் நுண்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து, மாற்ற இயலாத சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை கைகால்களின் தோலை அரிக்கிறது. ஒரு செங்கல்லின் எடை ஏறத்தாழ 3 கிலோ. சும்மாட்டின்மேல் பத்துச் செங்கற்களை ஏற்றிப் படியேறும் சித்தாளின் கழுத்தும் முதுகும் நாள்முழுதும் அச்சுமையைத் தாங்குகின்றன. சித்தாளாக உழைப்போருள் பெண்கள் மிகுதி. பல்லாண்டுகள் பணியாற்றியும் கரணை பிடிக்கும் கொத்தனாராக உயரும் வாய்ப்பு அவர்களுள் மிகச் சிலருக்கே கிடைக்கிறது.

மௌலிவாக்கம் உணர்த்தியது

2014 ஜூன் 28, சனிக்கிழமை. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மாலைப்பொழுதில் அப்படியே அமிழ்ந்து சரிந்தது. அங்கிருந்த தொழிலாளர் பலர் ஆந்திரம், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்தும் தமிழ்நாட்டின் பிற ஊர்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அரக்கோணத்திலிருந்து விரைந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்புத் துறையினரும் பிறரும் ஏறத்தாழ ஒரு வாரம் இரவுபகலாக உழைத்தனர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 61 பேர் இறந்தனர். விபத்தை ஆராய நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதே வளாகத்தில், உறுதியற்றதெனக் கருதப்பட்ட மற்றோர் அடுக்குமாடிக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இந்நிகழ்வு ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. கட்டடத்தின் உறுதி, அதில் குடியேறப் போகிறவர்களுக்கான கேள்வி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உறுதியற்ற கட்டடத்திற்கு முதலில் இரையாகக்கூடியவர்களோ அதைக் கட்டுபவர்கள். மண்ணின் தாங்குதிறனை ஆய்வதும், தூணின் அளவைச் சரியாகக் கணக்கிடுவதும், வரைபடத்தின்படி கம்பிகளை இடுவதும் வீடு வாங்குவோரைக் காப்பதற்கு முன்னரே வேலை செய்வோரைக் காக்கின்றன. குடியிருப்போரின் காப்பும் தொழிலாளரின் காப்பும் ஒரே கணக்கின் இரு வரிகள்.

வலை விரித்த பாலம்

இத்தகைய இழப்புகள் தொழிலின் தவிர்க்க இயலாத பகுதியா என்னும் வினாவிற்கு, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1933 முதல் 1937 வரை கட்டப்பட்ட கோல்டன் கேட் பாலம் விடையளிக்கிறது. பத்து இலட்சம் டாலர் செலவாகும் பணியில் ஓர் உயிர் போகும் என்பது அக்காலத்தில் பாலம் கட்டுவோரிடையே நிலவிய எண்ணம். ஏறத்தாழ 350 இலட்சம் டாலர் செலவிலான இப்பாலத்திற்கு, அந்தக் கணக்கின்படி 35 பேர் இறக்க நேரும். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அக்கணக்கை ஏற்கவில்லை. பாலத்தின் அடியில் வலை விரிக்கச் செய்தார். தலைக்கவசம் அணிவதைக் கட்டாயமாக்கினார். தவறி விழுந்த 19 பேரை அவ்வலை காத்தது. பணி முடியும் தறுவாயில், 1937 பிப்ரவரியில், சாரத்தட்டு ஒன்று பிடி நழுவி வலையையும் கிழித்துக்கொண்டு வீழ்ந்ததில் 10 பேர் இறந்தனர். மொத்த உயிரிழப்பு 11. காப்பு முழுமை பெறவில்லை. ஆயினும், உயிரிழப்பு விதியால் அமைவது என்னும் எண்ணத்தை அவ்வலை உடைத்தெறிந்தது. கட்டத் தொடங்கும் முன்பே எடுக்கப்பட்ட ஒரு முடிவு 19 குடும்பங்களைக் காத்தது.

சட்டமும் வாரியமும்

தொழிற்சாலைத் தொழிலாளர்க்கு நெடுங்காலம் முன்னரே சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. கட்டடத் தொழிலாளர் நிலை வேறு. அவர்களுக்கு நிலையான முதலாளி இல்லை. நிலையான பணியிடம் இல்லை. ஒரு கட்டடம் முடிந்ததும் வேலை முடிந்துவிடுகிறது. காலையில் சந்திப்பு முனைகளில் கருவிகளுடன் காத்திருந்து அன்றைய வேலையை அன்றே தேடுவோர் பலர். இத்தகையோரை ஒரு சட்டத்தின்கீழ்க் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் போராடின. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982 இல் இயற்றப்பட்டது. அதன் அடிப்படையில் கட்டுமானத் தொழிலாளர்க்கான நல வாரியம் 1994 இல் தோன்றியது. நாடு தழுவிய சட்டத்திற்கான இயக்கத்திற்கு முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமை தாங்கினார். அதன் பயனாக 1996 இல் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு விழுக்காட்டை நலநிதியாகத் திரட்டவும் வழி செய்யப்பட்டது.

இந்நிதியின் கருத்து போற்றத்தக்கது. தொழிலாளி எந்த முதலாளியிடம் பணியாற்றினாலும், எழும் கட்டடமே அவருக்கான பங்கைச் செலுத்துகிறது. பதிவு செய்த தொழிலாளியின் விபத்து இழப்பீடு, ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவற்றிற்கு அந்நிதி பயன்படுகிறது. ஆனால் இழப்பீடு, விபத்து நிகழ்ந்தபின் வருவது. தலைக்கவசமும் இடைவாரும் வலையும் கைப்பிடித் தடுப்பும் விபத்திற்கு முன்னர் வரவேண்டியவை. வாரியத்தில் பதிவு செய்யாத தொழிலாளிக்கும், ஊர்விட்டு ஊர் வந்து மொழி தெரியாமல் நிற்கும் தொழிலாளிக்கும் சட்டத்தின் பயன் சென்றடைவது கடினமாகவே உள்ளது. எச்சரிக்கைப் பலகை அவருக்குத் தெரிந்த மொழியில் இருப்பதும் காப்பின் ஒரு பகுதியே.

காலம் என்னும் காப்பு

மேற்கண்ட இடர்களை ஒருங்கே நோக்கினால், அவற்றுள் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே எனப் புலப்படும். முட்டுகளை 14 நாளுக்கு முன்னரே பிரிப்பதும், மழை நின்றதும் குழிக்குள் ஆளை இறக்குவதும், சாரத்தின் ஓரத்தில் தடுப்புக் கட்டுவதற்கு ஆகும் அரைநாளைத் தவிர்ப்பதும் காலத்தை மிச்சப்படுத்தும் முயற்சிகளே. முற்காலத்தில் சுண்ணாம்பு தன் இயல்பால் மனிதனைக் காத்திருக்க வைத்தது. சிமெண்ட் அவ்வாறு வற்புறுத்துவதில்லை. எனவே காத்திருக்கும் கட்டுப்பாட்டை மனிதனே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டியவனாகிறான். தரவிதிகள் அனைத்தும் அக்கட்டுப்பாட்டின் எழுத்து வடிவம். அவற்றை மீறும் விரைவு தொழிலாளியின் உயிரோடு நிற்பதில்லை. கட்டடத்தின் வலிமையையும் அரிக்கிறது. நீராற்றப்படாத தூணில் பின்னாளில் விரிசல் தோன்றும். முன்கூட்டியே முட்டுப் பிரித்த தளம் தொய்யும்.

இன்று மேல்நிலைக் கல்வி பயில்வோருள் சிலர் நாளை பொறியாளர்களாகவும் வரைபடக் கலைஞர்களாகவும் ஆய்வு அலுவலர்களாகவும் விளங்குவர். பெரும்பாலோர் என்றேனும் ஒரு வீட்டைக் கட்டுவர். வீடு கட்டும் குடும்பத்தார் பொதுவாகக் கேட்கும் வினா, எப்போது முடியும் என்பதே. சாரம் உறுதியாகக் கட்டப்பட்டுள்ளதா, முட்டுகளைப் பிரிக்கும் நாள் வந்துவிட்டதா, மேலே நிற்பவர் தலைக்கவசமும் இடைவாரும் அணிந்திருக்கிறாரா என்னும் வினாக்களும் அதனோடு சேரவேண்டும். கட்டுவிப்போர் இவற்றைக் கேட்கத் தொடங்கும்போது ஒப்பந்தக்காரரும் மேற்பார்வையாளரும் விடைகூறக் கடமைப்பட்டவர்களாவர். அதற்காகச் சில நாள்கள் கூடுதலாகலாம். அந்த நாள்கள், சாரத்தில் ஏறியவர் மாலையில் தம் கால்களால் இறங்கி வீடு திரும்புவதற்கான விலை.